டேட்டாபேஸ் வாசலிலேயே திரும்பிப் போக வேண்டாம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலருக்குச் சில மாதங்களிலேயே, இணையதளம் ஒன்றை நாமே தயாரித்துப் பார்த்தால் என்ன என்ற ஆசை வந்துவிடுகிறது. எச்.டி.எம்.எல். கற்று, ஒரு பக்கம் அமைத்து, அதில் படம் சேர்த்துப் பார்த்த பிறகு, அடுத்த படியாக ஜாங்கோ, லாரவெல், ரெயில்ஸ் போன்ற பிரேம்வொர்க் ஒன்றைக் கையில் எடுக்கிறார்கள். முதல் நாள் உற்சாகமாகப் போகிறது. இரண்டாம் நாள் பாடம், "இப்போது உங்கள் டேட்டாபேஸை இணைத்துக் கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. கற்பவர் அந்த ஒரு வரியில் ஒரு வாரம் நிற்கிறார். திரை முழுவதும் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி. கடைசியில் "புரோகிராமிங் நமக்கு வராது" என்று முடிவு செய்து மூடி வைத்துவிடுகிறார்.

இந்த முடிவு தவறானது. அவர் புரோகிராமிங்கில் தோற்கவில்லை. அதை இன்னும் தொடங்கவே இல்லை. தொடங்கும் முன்பே வாசலில் தடுக்கி நின்றுவிட்டார். சென்னையிலோ பெங்களூரிலோ அலுவலகத்தில் இருப்பவர் பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். கம்பத்திலோ சின்னமனூரிலோ போடியிலோ வீட்டில் தனியாக உட்கார்ந்து கற்பவருக்கு அந்தப் பக்கத்து இருக்கை இல்லை. அதனால் இந்தச் சிறிய தடை, வசதி குறைந்த ஊர்க்காரர்களைத்தான் அதிகம் வடிகட்டுகிறது. இதை மாற்ற முடியும் என்பதே என் கருத்து. அதற்கு வழி இரண்டு. முதல் மாதத்திற்குச் சரியான டேட்டாபேஸைத் தேர்ந்தெடுப்பது ஒன்று. பிழைச் செய்தியைப் பயப்படாமல் படிப்பது மற்றொன்று.

எது பிரேம்வொர்க், எது டேட்டாபேஸ்?

நம் ஊர் உதாரணத்தையே எடுத்துக் கொள்வோம். போடிநாயக்கனூரிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கிறது. ஏலம் முடிந்ததும் தேதி, ஏலம் நடத்திய நிறுவனம், லாட்டுகளின் எண்ணிக்கை, வந்த அளவு, விற்ற அளவு, கிலோவுக்கு அதிகபட்ச விலை, சராசரி விலை ஆகியவற்றை வாரியம் வெளியிடுகிறது. இந்த விவரங்களைத் தினமும் பதிந்து வைத்து, "கடந்த மூன்று மாதத்தில் சராசரி விலை எப்படிப் போனது?" என்று பார்க்க ஒரு சிறிய இணையதளம் செய்ய நினைக்கிறீர்கள். கற்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

இதில் விவரங்களைப் பெறும் படிவம், அதைச் சரிபார்ப்பது, பட்டியலாகக் காட்டுவது போன்ற எல்லா இணையதளங்களுக்கும் பொதுவான வேலைகளை முன்கூட்டியே எழுதித் தரும் தொகுப்புதான் பிரேம்வொர்க். விவரங்களை ஒழுங்காக அடுக்கி வைத்து, கேட்டபோது எடுத்துத் தருவது டேட்டாபேஸ். பிரேம்வொர்க் ஏலக் கூடம் என்றால் டேட்டாபேஸ் கிட்டங்கி. மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் போன்றவற்றில் இந்தக் கிட்டங்கிக்குத் தனியாக ஒரு காவலாளி உண்டு. அவர் பெயர் சர்வர். அவர் எப்போதும் விழித்திருக்க வேண்டும். யார் வருகிறார்கள், பாஸ்வேர்ட் என்ன, எந்த அறைக்குப் போக வேண்டும் என்றெல்லாம் கேட்பார். நம் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்தக் காவலாளியிடம்தான் ஏற்படுகின்றன.

போர்க்கப்பலில் பிறந்த டேட்டாபேஸ்

காவலாளியே இல்லாத டேட்டாபேஸ் ஒன்றும் உண்டு. அதன் பெயர் எஸ்க்யூலைட். அது பிறந்த கதை நம் தலைப்புக்கு மிகவும் பொருத்தமானது. அமெரிக்காவின் ரிச்சர்ட் ஹிப், கடற்படைப் போர்க்கப்பல் ஒன்றுக்கான சாப்ட்வேரில் பணியாற்றினார். அது இன்பர்மிக்ஸ் என்ற டேட்டாபேஸ் சர்வரை நம்பியிருந்தது. சர்வர் நின்றுவிடும் நேரங்களில் அவருடைய புரோகிராம், டேட்டாபேஸுடன் இணைய முடியவில்லை என்று திரையில் செய்தி காட்டும். கோளாறு சர்வரில்; ஆனால் செய்தியைக் காட்டிய புரோகிராம் அவருடையது என்பதால் பழி அவர்மேல் வந்தது. சர்வரே இல்லாமல், ஒரு சாதாரண பைலையே நேராகப் படித்து எழுதும் டேட்டாபேஸ் இருந்தால் என்ன என்று யோசித்தார். 2000ஆம் ஆண்டில் எஸ்க்யூலைட் வெளிவந்தது. உங்கள் ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் இன்று இருப்பது இதுதான்.

இதில் இயக்கி வைக்க சர்வர் இல்லை, பாஸ்வேர்ட் இல்லை, போர்ட் எண் இல்லை. உங்கள் புராஜெக்ட் போல்டரில் ஒரே ஒரு பைல் இருக்கும். அவ்வளவுதான்.

பிரேம்வொர்க் தயாரிப்பாளர்களே இதைப் புரிந்து கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். ரெயில்ஸ் தொடக்கத்தில் மைஎஸ்க்யூஎல்லைத்தான் எதிர்பார்த்தது. 2007 டிசம்பரில் வந்த 2.0.2 பதிப்பில் எஸ்க்யூலைட்டுக்கு மாறியது. ஜாங்கோவின் 2013ஆம் ஆண்டு 1.6 பதிப்பிலிருந்து, புதிய புராஜெக்ட் தொடங்கினாலே எஸ்க்யூலைட் தயாராக இருக்கிறது. லாரவெல் 2024இல் வெளியான 11ஆம் பதிப்பில் அதே முடிவுக்கு வந்தது. மூன்று தனித்தனிக் குழுக்கள், பதினேழு ஆண்டு இடைவெளியில், ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் நம் பாடப் புத்தகங்களும் பயிற்சி வகுப்புகளும் இன்னும் முதல் நாளே மைஎஸ்க்யூஎல்லை இன்ஸ்டால் செய்யச் சொல்கின்றன.

"அது பொம்மை டேட்டாபேஸ்" என்பவர்களுக்கு

வேலைக்குப் போனால் மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ்தானே கேட்பார்கள் என்பது நியாயமான கேள்வி. கேட்பார்கள். அதை இரண்டாம் மாதம் கற்றுக் கொள்ளலாம். பிரேம்வொர்க்கில் டேட்டாபேஸை மாற்றுவது பெரும்பாலும் செட்டிங்ஸ் பைலில் சில வரிகளை மாற்றுவதுதான். நீங்கள் எழுதிய புரோகிராமின் பெரும்பகுதி அப்படியே ஓடும்.

எஸ்க்யூலைட்டிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். படிப்பவர்கள் எத்தனை பேராக இருந்தாலும் பிரச்சினை இல்லை. எண் வர வேண்டிய கட்டத்தில் நேரடியாக "ரூ.2,500" என்று எழுத்தைப் போட்டாலும் அது சாதாரணமாக மறுக்காது, பிறகு கூட்டும்போது கணக்கு தவறும். எனவே விலையை எண்ணாக மட்டுமே, காற்புள்ளி இல்லாமல் பதியுங்கள். மூன்றாவதாக, பைல் இருக்கும் இடத்தைத் தவறாகக் கொடுத்தால் பெரும்பாலும் பிழை என்று சொல்லாது. கொடுத்த இடத்தில் புதிய காலி பைல் ஒன்றைத் தயாரித்துவிடும். "நேற்றுப் பதிந்ததெல்லாம் காணோம்" என்று பலர் பதறுவது இதனால்தான். பழைய பைல் வேறு போல்டரில் பத்திரமாக இருக்கும். தேடிப் பாருங்கள்.

தலைமடையிலிருந்து கடைமடை வரை

இரண்டாம் மாதம் மைஎஸ்க்யூஎல்லுக்கு வந்துவிட்டீர்கள் என்று வைத்துக் கொள்வோம். இனி பிழைச் செய்திகள் வரும். அவற்றைப் படிக்கும் முறையைக் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளிடம் கற்றுக் கொள்ளலாம்.

தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக வரும் முல்லைப் பெரியாற்று நீர் லோயர் கேம்ப் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்கிறது. ஒரு வயலில் தண்ணீர் ஏறவில்லை என்றால் விவசாயி என்ன செய்வார்? வயலைக் கொத்திப் புதிதாக அமைக்க மாட்டார். அணையில் திறந்தார்களா, வாய்க்காலில் வருகிறதா, மடை திறந்திருக்கிறதா, வரப்பு உடைந்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்பார். எதுவரை தண்ணீர் வந்திருக்கிறது என்று தெரிந்தால், அடுத்த அடியில்தான் அடைப்பு.

மைஎஸ்க்யூஎல்லின் பிழை எண்களும் இதே வரிசையில்தான் வருகின்றன.

முதலில், "டிரைவர் கிடைக்கவில்லை" என்ற பொருளில் வரும் செய்தி. பிரேம்வொர்க்கும் டேட்டாபேஸும் பேசுவதற்கு இடையில் தேவைப்படும் சிறிய சாப்ட்வேர் இல்லை என்று பொருள். பிஎச்பியில் அதன் செட்டிங்ஸ் பைலில் உரிய எக்ஸ்டென்ஷனை இயக்க வேண்டும். பைதானில் உரிய பேக்கேஜை இன்ஸ்டால் செய்ய வேண்டும். உங்கள் பாஸ்வேர்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்து 2002 அல்லது 2003. சர்வரைத் தொட முடியவில்லை. சர்வர் ஓடவில்லை, அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது. வழக்கமான போர்ட் எண் 3306. கம்ப்யூட்டரில் இரண்டு மைஎஸ்க்யூஎல் இன்ஸ்டால் ஆகியிருந்தால் ஒன்று அந்த எண்ணைப் பிடித்துக் கொள்ளும். மற்றொன்று எழுந்திருக்க முடியாமல் விழும்.

பிறகு 1045. "ஆக்சஸ் டினைட்" என்ற வாசகத்துடன் வரும். சர்வர் ஓடுகிறது, உங்களிடம் பேசியும் விட்டது. பெயரோ பாஸ்வேர்டோதான் சரியில்லை. செய்தியின் கடைசியில் பாஸ்வேர்ட் கொடுத்தீர்களா இல்லையா என்றும் இருக்கும். நீங்கள் கொடுத்ததாக நினைக்க, அது இல்லை என்று சொன்னால், உங்கள் செட்டிங்ஸ் பைலைப் பிரேம்வொர்க் படிக்கவே இல்லை என்று அறியலாம்.

பிறகு 1049. உள்ளே போய்விட்டீர்கள், நீங்கள் சொன்ன பெயரில் டேட்டாபேஸ் இல்லை. பிரேம்வொர்க் பொதுவாக அட்டவணைகளைத்தான் தயாரிக்கும். காலி டேட்டாபேஸை நீங்கள் ஒருமுறை உருவாக்கித் தர வேண்டும்.

பிறகு 1146. டேட்டாபேஸ் இருக்கிறது, அட்டவணை இல்லை. பெரும்பாலும் மைக்ரேஷன் கட்டளையை இயக்கியிருக்க மாட்டீர்கள்.

கடைசியாக 1292, 1366 போன்றவை. அட்டவணை வரை வந்துவிட்டீர்கள். கொடுத்த விவரம்தான் பொருந்தவில்லை. 15-06-2024 என்று நாம் எழுதும் தேதியை மைஎஸ்க்யூஎல் 2024-06-15 என்று ஆண்டு முதலில் வரும்படி எதிர்பார்க்கிறது.

இந்த வரிசை தெரிந்துவிட்டால் மனநிலையே மாறிவிடும். காலையில் 2002 வந்தது, மதியம் 1045 வருகிறது என்றால் நீங்கள் தோற்கவில்லை. இரண்டு மடை தாண்டியிருக்கிறீர்கள். பிழை எண் மாறுவதே முன்னேற்றம்.

தமிழ் கேள்விக்குறியாக மாறினால்

இங்கிலீஷில் கற்பவர்களுக்கு வராத ஒரு தொல்லை நமக்கு உண்டு. "போடி" என்று பதிந்தால் திரும்ப வரும்போது நான்கு கேள்விக்குறிகளாக வரலாம். அல்லது ஐரோப்பிய எழுத்துகள் கலந்த கிறுக்கலாக வரலாம். இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கட்டாயம் தெரிந்து கொள்ளுங்கள்.

மைஎஸ்க்யூஎல் சுவீடனில் தொடங்கப்பட்டது. அதனால் பல ஆண்டுகள் அதன் இயல்பான எழுத்து முறை, ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்1 ஆகவே இருந்தது. அதில் தமிழுக்கு இடமில்லை. யுனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுக்கும். "தேனி" என்பது நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. கம்ப்யூட்டருக்குத் த, ஏகாரக் குறி, ன, இகரக் குறி என நான்கு. ஆக 12 பைட்.

இதை வைத்தே சோதித்துவிடலாம். மைஎஸ்க்யூஎல்லில் ஒரு சொல்லின் பைட் அளவைச் சொல்லும் கட்டளையும், எழுத்து எண்ணிக்கையைச் சொல்லும் கட்டளையும் தனித்தனியாக உண்டு. "தேனி"க்கு 12 பைட், 4 எழுத்து என்று வந்தால் விவரம் பத்திரமாக இருக்கிறது. காட்டும் பக்கத்தில்தான் கோளாறு. எழுத்து எண்ணிக்கையே 12 என்று வந்தால் கிறுக்கலாகப் பதிந்துள்ளது. பைட்டுகள் உள்ளே இருப்பதால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். பைட்டும் 4, எழுத்தும் 4 என்றால் உள்ளே இருப்பது நிஜமான கேள்விக்குறிகள். அந்த விவரம் போனது போனதுதான்.

ஆகவே நூறு பெயர்களைப் பதிந்த பிறகு அல்ல, முதல் பெயரைப் பதிந்ததுமே இதைப் பாருங்கள். டேட்டாபேஸ், அட்டவணை, இணைப்பு மூன்றிலும் யுடிஎஃப்8எம்பி4 என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் யுடிஎஃப்8 என்ற பெயரில் நெடுநாள் இருந்தது 3 பைட் வரைதான் தாங்கும். அன்றாடத் தமிழுக்கு அது போதும். ஆனால் ஸ்மைலி படங்களுக்கு 4 பைட் வேண்டும். 2019இல் வெளியான யுனிகோட் 12இல் சேர்க்கப்பட்ட நம் பழைய பின்ன எண்களுக்கும், நில, தானிய அளவைக் குறிகளுக்கும் அதே 4 பைட்தான். பழைய கணக்குச் சுவடியைக் கம்ப்யூட்டரில் ஏற்ற நினைப்பவர் இதை மறந்தால் பாதியில் நிற்பார். எஸ்க்யூலைட்டில் எல்லாமே யுனிகோட் என்பதால் இந்தத் தொல்லையும் இல்லை.

பழைய பாடம், புதிய சாப்ட்வேர்

பாடத்தில் சொன்னபடியே செய்தும் ஓடவில்லையா? பாடத்தின் வயதைப் பாருங்கள். 2018இல் வந்த மைஎஸ்க்யூஎல் 8.0, பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் இயல்பான முறையை மாற்றிவிட்டது. பழைய டிரைவர்கள் அதனுடன் பேசத் தெரியாமல் விழித்தன. அப்போது பலரும், பழைய முறைக்கே மாற்றிக் கொள்ளுங்கள் என்று வழி சொன்னார்கள். 2024இல் வந்த 9.0 பதிப்பில் அந்தப் பழைய முறையே நீக்கப்பட்டுவிட்டது. நேற்று மருந்தாக இருந்தது இன்று கிடைக்காது. டிரைவரைப் புதுப்பிப்பதே சரியான வழி. அதேபோல எக்ஸாம்ப் தொகுப்பில் மைஎஸ்க்யூஎல் என்ற பெயர்ப் பலகையின் கீழ் பல ஆண்டுகளாக ஓடுவது மரியாடிபி. 2009இல் பிரிந்த இந்த உடன்பிறப்பு இன்று எல்லா விஷயத்திலும் ஒன்றுபோல் நடப்பதில்லை. எனவே பாடம் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது, உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று முதலில் இரண்டையும் தாளில் எழுதி ஒப்பிடுங்கள்.

அழிக்கும் முன் நகல் எடுங்கள்

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஒன்று உண்டு. கரண்ட் திடீரென்று போய் வந்த பிறகு எக்ஸாம்பில் மைஎஸ்க்யூஎல் எழுந்திருக்காது. "எதிர்பாராமல் நின்றுவிட்டது" என்று செய்தி வரும். டேட்டா போல்டரில் உள்ள ஐபிடேட்டா1 என்ற பைலை அழித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். அழித்தால் சர்வர் உண்மையிலேயே எழுந்துவிடும். ஆனால் உங்கள் அட்டவணைகளைத் திறக்க முடியாது. எது எங்கே இருக்கிறது என்ற முக்கிய விவரங்கள் அந்த பைலில்தான் இருந்தன. கிட்டங்கிக் கதவு திறக்கவில்லை என்று கணக்குப் புத்தகத்தைக் கொளுத்துவது போன்றது இது.

பயிற்சிக்காகப் பதிந்த நாலு வரி என்றால் பரவாயில்லை. ஒரு கடையின் ஓராண்டுக் கணக்கு அதில் இருந்தால்? எனவே எந்த வைத்தியத்துக்கும் முன்பு டேட்டா போல்டரை அப்படியே வேறு இடத்துக்கு நகல் எடுங்கள். பிறகு சர்வரின் எரர் லாக் பைலைத் திறந்து கடைசி இருபது வரிகளைப் படியுங்கள். நின்றதற்கான காரணம் பெரும்பாலும் அங்கே எழுதியிருக்கும். சர்வர் நன்றாக ஓடும் நாட்களில் வாரம் ஒருமுறை பேக்கப் எடுப்பதைப் பழக்கமாக்குங்கள்.

இன்று பலர் பிழைச் செய்தியைச் செயற்கை நுண்ணறிவு சாட்பாட்டிடம் கொடுத்து விடை கேட்கிறார்கள். கேட்கலாம், விளக்கம் பெற நல்ல துணைதான். ஆனால் அது தரும் கட்டளையில் நீக்கு, அழி என்ற பொருள் தரும் சொல் இருந்தால் புரிந்து கொள்ளாமல் எண்டர் தட்டாதீர்கள். மனிதரிடம் கேட்டாலும் இதே விதிதான். உதவி கேட்கும்போது "டேட்டாபேஸ் வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாமல், முழுப் பிழைச் செய்தி, பதிப்பு எண்கள், கடைசியாக நீங்கள் மாற்றியது என்ன ஆகிய மூன்றையும் சொல்லுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

கற்றுத் தருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பல பயிற்சி வகுப்புகளில் எல்லாம் தயாராக அமைத்த கம்ப்யூட்டரின் முன்னால் மாணவரை உட்கார வைக்கிறார்கள். வகுப்பில் எல்லாம் ஓடுகிறது. வீட்டுக்குப் போய்ச் சொந்தக் கம்ப்யூட்டரில் செய்தால் எதுவும் ஓடுவதில்லை. மாணவர் தன்னையே குறை சொல்லிக் கொள்கிறார். முதல் வாரம் எஸ்க்யூலைட்டில் தொடங்குங்கள். பிறகு ஒரு நாளை ஒதுக்கி, மைஎஸ்க்யூஎல்லை மாணவர் கையாலேயே இன்ஸ்டால் செய்ய வையுங்கள். வேண்டுமென்றே சர்வரை நிறுத்தி, பாஸ்வேர்டை மாற்றி, டேட்டாபேஸ் பெயரைத் தவறாகக் கொடுத்து, ஒவ்வொரு பிழையையும் அவர்கள் கண்ணால் பார்க்கச் செய்யுங்கள். அந்த ஒரு நாள் பத்துப் பாடத்துக்குச் சமம்.

கற்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன். பத்தாண்டு அனுபவம் உள்ளவர்களுக்கும் இந்தப் பிழைகள் வருகின்றன. அவர்களுக்கும் உங்களுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான்: பிழை வந்ததும் அவர்கள் எந்த மடை அடைத்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். நீங்களும் ஒரு நோட்டில் தேதி, பிழை எண், சரிசெய்த விதம் என்று மூன்று பத்தி போட்டு எழுதி வாருங்கள். இரண்டு மாதத்தில் அந்த நோட்டே உங்கள் பக்கத்து இருக்கைக்காரராக மாறிவிடும்.